சுற்றுலாத் தொழிலில் தர நிர்ணயம்: நட்சத்திரம் முதல் பசுமைச் சான்று வரை

முன்பின் தெரியாத ஊரில் தங்க அறை எடுப்பவர், பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விலையைப் பேசி முடித்துவிடுகிறார். துணிக்கடையில் சேலையை விரித்துப் பார்த்து, முந்தானையைத் தடவிப் பார்த்து வாங்குவதுபோல விடுதி அறையை வாங்க முடியாது. குழாயில் வெந்நீர் வருமா, தாழ்ப்பாள் சரியாக விழுமா, தீப்பிடித்தால் இறங்கி ஓட இன்னொரு படிக்கட்டு இருக்கிறதா என்பதெல்லாம் பணம் கட்டிப் பூட்டைத் திறந்த பிறகே தெரியவரும். விற்பவருக்கு எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை நீடித்தால், நல்ல சரக்கு சந்தையை விட்டு விலகி மட்டமான சரக்கே மிஞ்சும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதினார். பழைய கார் வியாபாரத்தை வைத்து அவர் சொன்னது விடுதித் தொழிலுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பயணி பெரும்பாலும் ஒரே முறை வருகிறார். ஏமாந்தால் திரும்பி வந்து சண்டை போட அவருக்கு நேரமில்லை.

இந்த இடைவெளியை அடைக்கவே தர நிர்ணயத் திட்டங்கள் பிறந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் அவை வழிகாட்டி நூலாசிரியர் கையிலிருந்து மோட்டார் சங்கங்களுக்கும், அங்கிருந்து அரசுகளுக்கும், பிறகு தொழில்துறைச் சங்கங்களுக்கும், கடைசியில் கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இடம்மாறியிருக்கின்றன. அளப்பவர் மாறியபோதெல்லாம் அளக்கப்படும் பொருளும் மாறியது. அந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்து, இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கு, அவை சொல்லும் பாடம் என்ன என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தர நிர்ணயம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறதோ அவருக்கே அது பயன்படும் என்பதுதான் இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் தெரியும் உண்மை.

வழிகாட்டி நூல்களின் காலம்

அடையாளக் குறி போட்டுத் தரம் சொல்லும் வழக்கம் விடுதிகளிலிருந்து தொடங்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி முதலிய நாடுகளுக்கு வழிகாட்டி எழுதிய ஆங்கில எழுத்தாளர் மரியானா ஸ்டார்க், பார்க்கத் தகுந்த ஓவியங்களுக்கு ஆச்சரியக் குறி போட்டார். சிறப்பு கூடக் கூடக் குறிகளும் கூடின. லண்டனின் ஜான் மரே, ஜெர்மனியின் கார்ல் பெடெக்கர் ஆகியோரின் கையேடுகள் அந்த இடத்தில் நட்சத்திரக் குறியைக் கொண்டுவந்தன. பெடெக்கரின் நட்சத்திரம் ஐரோப்பா முழுவதும் பயணிகளின் நம்பிக்கையைப் பெற்றது.

அடுத்த அத்தியாயம் மோட்டார் வாகனத்தோடு வந்தது. பிரான்சில் டயர் தயாரித்துவந்த மிஷலின் சகோதரர்கள் 1900-இல் தங்கள் கையேட்டை வெளியிட்டார்கள். அப்போது அந்த நாட்டில் ஓடிய கார்கள் 3,000-க்கும் குறைவு. அச்சிட்ட பிரதிகள் சுமார் 35,000. எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே பழுது பார்ப்பார்கள், எங்கே தங்கலாம் என்று சொல்லும் இலவசப் புத்தகமாக அது இருந்தது. கார் ஓட ஓட டயர் தேயும் என்பது வெளிப்படையான கணக்கு. 1920 முதல் அதற்கு விலை வைத்தார்கள். 1926-இல் நல்ல உணவகங்களுக்கு ஒரு நட்சத்திரம் வந்தது. 1931-இல் இரண்டும் மூன்றும் சேர்ந்தன. ஒரு நட்சத்திரம் என்றால் அந்த வகையில் நல்ல உணவகம். இரண்டு என்றால் போகிற வழியிலிருந்து சற்று விலகியும் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். உணவின் தரத்தைப் பயணத் தூரத்தால் அளந்த டயர் நிறுவனத்தின் கணக்கு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அதன் பரிசோதகர்கள் பெயர் சொல்லாமல் வந்து, சாப்பிட்டு, பில்லைத் தாங்களே கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த நட்சத்திரத்தின் மதிப்புக்கு இந்த ஒழுங்கே அடித்தளம்.

பிரிட்டனில் 1905-இல் தொடங்கிய மோட்டார் ஓட்டுநர் சங்கமான ஏஏ, 1912-இல் விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. பிராந்தி புட்டிகளில் ஒட்டியிருந்த நட்சத்திரங்களே சங்கச் செயலாளர் ஸ்டென்சன் குக்குக்கு இந்த யோசனையைத் தந்ததாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் மொபில் எண்ணெய் நிறுவனம் 1958-இல் தொடங்கிய பயணக் கையேடு 2009-இல் ஃபோர்ப்ஸ் பெயருக்கு மாறியது. அங்குள்ள மோட்டார் சங்கமோ வைரக் குறிகளைப் பயன்படுத்திவருகிறது.

இந்த முதல் கட்டத்தில் ஒரு பொது அம்சம் உண்டு. தரம் சொன்னவர் பயணியின் ஆள். புத்தகம் வாங்கியவரும் சங்கத்துக்குச் சந்தா கட்டியவரும் அவருடைய வாடிக்கையாளர்கள்; விடுதிக்காரர் வாடிக்கையாளர் அல்லர்.

அரசுகள் வந்தபோது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறியது. ஜெட் விமானமும் மொத்தமாக ஏற்பாடு செய்யப்படும் விடுமுறைப் பயணங்களும் சுற்றுலாவை அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலாக்கின. வெளிநாட்டு முகவருக்குத் தங்கள் நாட்டு விடுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல அரசுகளுக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. கடனும் வரிச் சலுகையும் எந்த விடுதிக்கு என்று தீர்மானிக்கவும் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இரண்டுக்கும் நட்சத்திரம் கைகொடுத்தது.

நாடுகள் மூன்று வழிகளில் பிரிந்தன. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் போன்றவை சட்டத்தின் வழியே வகைப்படுத்தின. பிரான்சில் நீண்ட காலம் நான்கு நட்சத்திரமே உச்சம்; அதற்கு மேலே ‘நான்கு நட்சத்திர ஆடம்பரம்’ என்றொரு படி இருந்தது. 2009-இல்தான் ஐந்தாவது நட்சத்திரத்தைச் சேர்த்து, சான்று ஐந்தாண்டுக்கே செல்லும் என்றும் விதித்தார்கள். சீனா வெளிநாட்டவருக்குக் கதவு திறந்த பிறகு 1988-இல் தேசிய நட்சத்திர முறையைத் தொடங்கியது. இரண்டாவது வழி சுவிட்சர்லாந்தினுடையது: அங்கே விடுதி உரிமையாளர் சங்கமே 1979-இல் வகைப்பாட்டை உருவாக்கியது. மூன்றாவது வழி பிரிட்டனுடையது. 1969-ஆம் ஆண்டின் சுற்றுலா மேம்பாட்டுச் சட்டம் கட்டாயப் பதிவுக்கு இடம் கொடுத்திருந்தும், நடைமுறையில் இங்கிலாந்தில் எல்லாம் விருப்பத்தின் பேரிலேயே நடந்தது. அதே நாட்டின் வட அயர்லாந்திலோ சட்டப்படியான ஆய்வும் சான்றும் இல்லாமல் தங்குமிடம் நடத்த முடியாது.

பிரிட்டன் இன்னொரு வேலையையும் செய்தது. 1971-ஆம் ஆண்டின் தீத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விடுதிகளுக்குத் தீப் பாதுகாப்புச் சான்று கட்டாயமானது. உயிர் சம்பந்தப்பட்டதைச் சட்டத்தின் பொறுப்பிலும், வசதி சம்பந்தப்பட்டதைச் சந்தையின் பொறுப்பிலும் வைத்த இந்தப் பிரிவினை, தர நிர்ணய வரலாற்றிலேயே தெளிவான முடிவுகளில் ஒன்று என்பேன்.

இந்தியா: அளவு நாடாவும் சரிபார்ப்புப் பட்டியலும்

இந்தியாவில் 1867-ஆம் ஆண்டின் சராய் சட்டம் சத்திரம் நடத்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும், இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும், காவலாள் நியமிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. நவீன வகைப்பாட்டுக்கு வித்திட்டது திவான் சமன் லால் தலைமையில் 1957-58-இல் இயங்கிய விடுதித் தரம், கட்டணம் பற்றிய குழு. இன்று ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம், அதற்கு மேல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ், தனியாகப் பாரம்பரிய விடுதிகள் என்று மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டுக் குழு சான்று வழங்குகிறது. விண்ணப்பிப்பது விடுதியின் விருப்பம், சான்று ஐந்தாண்டுக்கு.

இந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. குழுவில் அமைச்சகம், மாநில அரசு, விடுதிச் சங்கங்கள், பயண முகவர் சங்கம், விடுதி மேலாண்மைக் கல்லூரி என்று பல தரப்பினரும் இருப்பார்கள். கையில் நீண்ட சரிபார்ப்புப் பட்டியல். நெடுங்காலம் நடைமுறையில் இருக்கும் அந்தப் பட்டியல்படி, வாடகைக்கு விடக் குறைந்தது பத்து அறைகள் வேண்டும். குளியலறை நீங்கலாக அறையின் பரப்பு ஒன்று, இரண்டு நட்சத்திரத்துக்கு 120 சதுர அடி, மூன்றுக்கு 130, நான்குக்கு 140, ஐந்துக்கு 200. ஒற்றைக் கட்டில் 90 சென்டிமீட்டர் அகலம், இரட்டைக் கட்டில் 180 சென்டிமீட்டர்; மெத்தையின் கனம் குறைந்தது 10 சென்டிமீட்டர். இப்படியே குளியலறை, சமையற்கூடம், ஊழியர் அறை, தீயணைப்புக் கருவி, மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்று பட்டியல் நீளும். ‘கட்டாயம்’, ‘விரும்பத்தக்கது’ என்ற இரு குறிகளில் ஒன்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே இருக்கும்.

இந்தப் பட்டியலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஐந்து நட்சத்திரம் என்று யார் வேண்டுமானாலும் பலகை எழுதி மாட்டிக்கொள்ளும் நாட்டில், சதுர அடி கணக்காவது பொய் சொல்லாது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் அறையேனும் வேண்டும் என்ற விதி பல கட்டடங்களின் வரைபடத்தையே மாற்றியது. ஆனால் நாடா அளக்க முடியாதவை பல. நள்ளிரவு இரண்டு மணிக்கு ரயிலில் வந்து இறங்கும் குடும்பத்தை வரவேற்பறை ஊழியர் எப்படி நடத்துவார்? கோடையில் தண்ணீர் லாரி வராத நாளில் குழாய் என்ன செய்யும்? சான்றுக்கான வருகை முன்னறிவிப்போடு நடப்பதால், குழு பார்ப்பது விடுதியின் மிகச் சிறந்த நாளை. பயணி தங்குவது ஏதோ ஒரு சாதாரண நாளில்.

பாரம்பரிய விடுதிகளுக்குத் தனி வகை வகுத்தது நல்ல முடிவு. 1950-க்கு முன் கட்டிய அரண்மனை, மாளிகை, கோட்டை போன்றவை இந்த வகைக்குள் வரலாம். அதற்கு மேலான படிகளுக்கு 1935-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். ராஜஸ்தான் அரண்மனைகளை மனத்தில் வைத்து உருவான இந்த வகை செட்டிநாட்டுக்கும் கைகொடுக்கக்கூடியது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வளவும் முற்றமும் ஆத்தங்குடித் தரையுமாக நிற்கும் வீடுகள் சில இன்று விடுதிகளாக உயிர் பெற்றிருக்கின்றன. மின்தூக்கி இருக்கிறதா, அறைகள் ஒரே அளவா என்று கேட்கும் பட்டியலை அந்த வீடுகளின்மேல் வைத்தால் தோற்பது வீடாக இருக்காது, பட்டியலாகத்தான் இருக்கும்.

நட்சத்திரத்தின்மேல் ஏறிய வேறு சுமைகள்

அரசு கொடுக்கும் சான்று என்பதால் அரசின் மற்றத் துறைகளும் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டன. இதற்குக் கேரளம் கண்கூடான சான்று. 2014-இல் அந்த மாநில அரசு, ஐந்து நட்சத்திர விடுதிகளில் மட்டுமே பார் இருக்கலாம் என்று கொள்கை வகுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 டிசம்பரில் கொள்கை செல்லும் என்று தீர்ப்பானது. அடுத்து வந்த அரசு 2017-இல் மூன்று நட்சத்திரம் வரை கதவைத் திறந்தது. இந்த மூன்றாண்டுகளில் ஒரு நட்சத்திரம் கூடுவதும் குறைவதும் விடுதியின் வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிட்டது. விருந்தினர் எப்படித் தூங்கினார் என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தமிழ்நாட்டிலும் எஃப்எல்-3 என்னும் மதுபான உரிமம் நட்சத்திர விடுதிகளுக்கானதாகவே இருக்கிறது.

சான்றைத் தேடும் காரணம் மாறினால் சான்றின் குணமும் மாறும். உரிமத்துக்காக நட்சத்திரம் வாங்கும் விடுதி, உரிமத்துக்குத் தேவையானதைக் கட்டும். அதற்கு மேல் கட்டாது. மத்திய அமைச்சகம் பின்னாளில் மூன்று நட்சத்திரம் முதல் ‘மது பரிமாறுவது’, ‘பரிமாறாதது’ என்று பிரித்து, பார் இல்லாத விடுதியும் மேல்தரம் பெற வழி செய்தது சரியான திருத்தம். உரிமம், வரி, சலுகை ஆகியவற்றை நட்சத்திரத்திலிருந்து முழுமையாகப் பிரிப்பதே அடுத்த படியாக இருக்க வேண்டும்.

பொருள்களை எண்ணுவதிலிருந்து சேவையை மதிப்பிடுவது வரை

பிரிட்டனில் 1987-இல் தொடங்கிய ‘கிரீடம்’ திட்டம், வசதிகளை எண்ணினால் சேவை தெரியாது என்ற சிக்கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அது பெரும்பாலும் வசதிகளை எண்ணியது. வீட்டுப் பெண்மணி ஒருவர் பளிச்சென்று வைத்து நடத்தும் ஐந்தறை விருந்தினர் இல்லம், வசதிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் கீழேயே நின்றது. அழுக்கடைந்த பெரிய விடுதி, எல்லாம் இருக்கிறது என்பதால் மேலே நின்றது. ஸ்காட்லாந்து 1990-களிலேயே தரத்தை முதன்மைப்படுத்தும் நட்சத்திரங்களுக்கு மாறியது. இங்கிலாந்தில் 1999-இல் விடுதிகளுக்கு நட்சத்திரம், விருந்தினர் இல்லங்களுக்கு வைரம் என்று சீரமைத்தார்கள். 2006-இல் ஏஏ-யும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் சுற்றுலா அமைப்புகளும் பொதுத் தர அளவுகளுக்கு ஒப்புக்கொண்டன. தூய்மை, வரவேற்பு, காலையுணவு, பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண்கள் வந்தன.

இந்த மாற்றத்துக்கு அறிவுலகமும் துணை நின்றது. சேவையின் தரத்தை அளப்பது எப்படி என்று 1985-லும் 1988-லும் வெளியான இரண்டு கட்டுரைகள் உலகெங்கும் விடுதி ஆய்வுகளுக்கு அடிப்படையாயின. எழுதியவர்கள் ஏ. பரசுராமன், வலேரி சைதாம்ல், லெனர்ட் பெரி. பரசுராமன் சென்னை ஐஐடியில் படித்தவர். சேவையின் தரத்தை அவர்கள் ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்: கண்ணுக்குத் தெரியும் வசதி, சொன்னதைச் சொன்னபடி செய்தல், கேட்டவுடன் உதவுதல், விவரம் தெரிந்த ஊழியர் தரும் நம்பிக்கை, விருந்தினரைத் தனி மனிதராக நடத்தும் அக்கறை. பழைய நட்சத்திரப் பட்டியலை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், அது முதல் கூறை மட்டுமே அளந்துகொண்டிருந்தது புரியும். மற்ற நான்கும் ஊழியரின் கையில் இருக்கின்றன. ஊழியருக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் இல்லாத இடத்தில் அந்த நான்கும் வராது.

தர நிர்ணயம் விடுதியைத் தாண்டி மற்றச் சுற்றுலாத் தொழில்களுக்குப் பரவியதும் இந்தக் கட்டத்தில்தான். நியூசிலாந்தில் 1990-களில் தங்குமிடங்களுக்காகத் தொடங்கிய குவால்மார்க், படகுச் சவாரி, மலையேற்றம், வாகன வாடகை என்று விரிந்தது. கேரளச் சுற்றுலாத் துறை காயல் படகு வீடுகளுக்குத் தங்க நட்சத்திரம், வெள்ளி நட்சத்திரம், பசுமைப் பனை என்றும், ஆயுர்வேத மையங்களுக்குப் பச்சிலை, ஆலிவ் இலை என்றும் சான்றுகள் வகுத்தது. படகு வீட்டின் கழிவு காயலில் கலக்கிறதா என்ற கேள்வியை ஐந்து நட்சத்திரப் பட்டியல் எதுவும் கேட்டிருக்காது. தொழிலுக்குத் தகுந்த அளவுகோல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆறு அறை வரை உள்ள வீட்டுத் தங்கல்களுக்கு மத்திய அரசு தங்கம், வெள்ளி என்று இரு நிலைகளை வைத்திருப்பதும் இந்த வழியில் வந்ததே.

உலகப் பொது அளவுகோல் சாத்தியமா?

நாட்டுக்கு நாடு நட்சத்திரத்தின் பொருள் வேறு என்பது பயணிகளின் பழைய முறையீடு. 2009 டிசம்பரில் ஆஸ்திரியா, செக் குடியரசு, ஜெர்மனி, ஹங்கேரி, நெதர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளின் விடுதிச் சங்கங்கள் பிராக் நகரில் கூடி ஹோட்டல்ஸ்டார்ஸ் ஒன்றியத்தை அமைத்தன. இருநூறுக்கும் மேற்பட்ட அளவைகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தம் என்று அது இயங்குகிறது. பின்னர் வேறு பல ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்தன.

உலகம் முழுமைக்கும் ஒரே பட்டியல் வரவில்லை. வருவதற்கான அறிகுறியும் இல்லை. ஸ்டாக்ஹோமில் அறையைச் சூடாக்கும் கருவி கட்டாயம், சென்னையில் குளிரூட்டி கட்டாயம். ஆள்கூலி குறைந்த நாட்டில் அறைக்கு ஒரு பணியாளர் சாத்தியம். கூலி கூடிய நாட்டில் ஐந்து நட்சத்திரத்திலும் விருந்தினரே பெட்டியைத் தூக்கிப் போகலாம். துபாயின் புர்ஜ் அல் அராப் 1999-இல் திறந்தபோது பத்திரிகைகள் வழங்கிய ‘ஏழு நட்சத்திரம்’ என்ற பட்டம் எந்த அதிகாரபூர்வ முறையிலும் இல்லாதது. இருந்தும் உலகம் அதை நம்பியது. பொது அளவுகோல் இல்லாத வெற்றிடத்தை விளம்பரம் நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு அது சாட்சி.

விருந்தினரே பரிசோதகர் ஆனபோது

2000-இல் பயணிகளே மதிப்புரை எழுதும் டிரிப்அட்வைசர் இணையதளம் தொடங்கியபோது, தரம் சொல்லும் உரிமை பயணியின் கைக்கே திரும்பி வந்ததாகப் பலர் மகிழ்ந்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் குழுவுக்குப் பதிலாக, நேற்று இரவு தங்கியவரே இன்று காலை எழுதுகிறார். அதன் விளைவு விடுதியின் கல்லாவில் உடனே தெரிகிறது. உணவகங்களுக்கு மதிப்பீட்டுத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர் மைக்கேல் லூகா 2011-இல் காட்டினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, நட்சத்திரத் திட்டங்களிலிருந்து தான் விலகிக்கொண்டு அவற்றைத் தொழில்துறையிடமே விட்டுவிடலாம் என்ற கொள்கைக்கு வந்தது.

நம்பிக்கை சீக்கிரமே ஆட்டம் கண்டது. நம்பகமான மதிப்புரைகள் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2012-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் டிரிப்அட்வைசருக்குச் சொன்னது. 2017-இல் ஊபா பட்லர் என்ற இளைஞர் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களின் பொய் மதிப்புரைகளாலேயே லண்டனில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு வேளைச் சாப்பாடுகூட அதுவரை அங்கே பரிமாறப்பட்டதில்லை. 2018-இல் இத்தாலியில் பொய் மதிப்புரை விற்றவருக்குச் சிறைத் தண்டனையே கிடைத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அமெரிக்கா 2024-இல் பொய் மதிப்புரைகளைத் தடை செய்து விதி வகுத்தது.

பொய்யை ஒழித்தாலும் வேறு குறைகள் இருக்கின்றன. வீடுகளை வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் தங்குமிடங்களில் 95 சதவீதத்துக்கு அருகில் நாலரை அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்ததை 2015-இல் ஓர் ஆய்வு கண்டது. எல்லோரும் முதல் மாணவர் என்றால் மதிப்பெண் எதற்கு? அதைவிட முக்கியம், விருந்தினருக்குத் தெரியாதவை. சமையலறைக் குளிர்பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது, தீ எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது, அறையைத் துடைத்தவருக்கு என்ன சம்பளம் என்பவற்றை ஆயிரம் பேர் தங்கிப்போனாலும் எழுத முடியாது.

இங்கே உணவுச் சுகாதாரத் துறை ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 1998 முதல் உணவகங்களின் ஆய்வு முடிவை ஏ, பி, சி என்று எழுதி வாசலிலேயே ஒட்டச் செய்தது. அதன்பின் உணவால் வரும் நோய்க்காக மருத்துவமனையில் சேர்வோர் குறைந்தார்கள் என்று ஜின், லெஸ்லி என்ற இரு பொருளியலறிஞர்கள் 2003-இல் காட்டினார்கள். வேல்ஸ் 2013-இல் சுகாதார மதிப்பெண்ணை வாசலில் ஒட்டுவதைச் சட்டமாக்கியது. அதிகாரபூர்வ ஆய்வு, சுருக்கமான முடிவு, எல்லோர் கண்ணிலும் படும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது தர நிர்ணயம் நோயையே குறைத்திருக்கிறது.

பசுமைச் சான்றுகள்

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தர நிர்ணயத்துக்குள் இன்னொரு கேள்வியும் நுழைந்தது: விருந்தினர் வசதியாக இருந்தார், அந்த ஊர் என்ன ஆனது? பிரான்சில் 1985-இல் தொடங்கிய நீலக்கொடி 1987-இல் ஐரோப்பியத் திட்டமானது. நீரின் தூய்மை, கழிவு மேலாண்மை, உயிர்காப்போர், மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை முதலிய 33 அளவைகளின்படி கடற்கரைகளுக்கு அது கொடி வழங்குகிறது. இந்தியாவில் 2020-இல் எட்டுக் கடற்கரைகள் முதலில் தேர்வாயின. அடுத்த ஆண்டு சென்னைக்கு அருகிலுள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சேர்ந்தன. இந்தக் கொடி நிரந்தரம் அல்ல; ஒவ்வோர் ஆண்டும் தகுதியை மறுபடி காட்ட வேண்டும். கோவளத்தில் கொடி பறக்கும் பகுதியில் நிற்பவர், குறிகளுக்குள் அடங்கிய அந்த நீளத்துக்கு மட்டுமே சான்று என்பதையும் பார்க்கலாம். அதற்கு அப்பால் உள்ள கரை மீனவர்களின் அன்றாட வாழ்விடம். கொடிக்காக ஒரு துண்டை மட்டும் துலக்கிவிட்டு மீதியை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உள்ளாட்சியின் கடமை.

கோஸ்டாரிகா 1997-லேயே நிலைத்த சுற்றுலாவுக்கு அரசுச் சான்று கொண்டுவந்தது. நியூசிலாந்தின் குவால்மார்க் 2016-இல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நிலைத்த தன்மையையே மையமாக்கிக்கொண்டது. இன்னொரு பக்கம், வெறும் வாக்குறுதியை வைத்துப் பசுமைப் பட்டம் கொடுப்பதும் பெருகியது. அறை முன்பதிவுத் தளமான புக்கிங் டாட் காம் 2021-இல் அறிமுகப்படுத்திய நிலைத்த பயண அடையாளம் பயணிகளைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் சொன்னது. நிறுவனம் 2024-இல் அதைக் கைவிட்டது. முறையான சான்றளிப்பு இல்லாத பசுமை முத்திரைகளைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2026 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்டது.

வட்டத்துக்கு வெளியே நிற்கும் லாட்ஜுகள்

இவ்வளவு வளர்ச்சியும் யாரை எட்டியிருக்கிறது? பழனி, ராமேசுவரம், திருவண்ணாமலை, மதுரை, திருச்செந்தூர் போன்ற ஊர்களில் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் சன்னிதித் தெருவிலும் நிற்கும் லாட்ஜுகளை எண்ணிப் பாருங்கள். நம் மக்கள் போகும் பயணங்களில் கோயில் பயணத்துக்குப் பெரிய இடம் உண்டு. பௌர்ணமி கிரிவலத்துக்கோ தைப்பூசத்துக்கோ குடும்பத்தோடு போய் இரவு பதினொன்றுக்கு அறை தேடுபவருக்கு நட்சத்திரப் பட்டியலால் எந்தப் பயனும் இல்லை. அவர் எடுக்கும் அறைக்கு எந்தச் சான்றும் இருக்காது. பலகையில் எழுதிய வாடகை அன்றைக்குச் செல்லாது. பெண்கள் குளிக்கும் அறையில் தாழ்ப்பாள், குடிதண்ணீர், முதியவருக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை, மாடியிலிருந்து தப்ப ஒரு வழி ஆகியவைதான் அவருக்குத் தேவையான தரம். இவை எதற்கும் பெரிய முதலீடு வேண்டாம்.

கொரோனா காலத்தில் மத்திய அரசும் இந்தியத் தரக் குழுவும் சேர்ந்து தொடங்கிய சாத்தி திட்டம், சிறிய விடுதிகளும் தாமே சரிபார்த்து உறுதிமொழி அளிக்க வழி செய்தது. நிதி என்ற தேசியத் தரவுத்தளம் எல்லாத் தங்குமிடங்களையும் பதிவுக்கு அழைக்கிறது. வாசல் திறந்திருக்கிறது. உள்ளே வருவதால் லாட்ஜ் உரிமையாளருக்கு என்ன நன்மை என்பதை மட்டும் இன்னும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

முடிவுரை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில முடிவுகள் தாமாகவே வருகின்றன. தீப் பாதுகாப்பு, குடிநீர், கழிப்பறை, பெண்களின் பாதுகாப்பு ஆகிய அடிப்படைகளை நட்சத்திரத்தோடு கலக்கக் கூடாது. அவை நாற்பது அறை விடுதிக்கும் நான்கு அறை லாட்ஜுக்கும் சட்டப்படி ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேலான வசதிக்கும் சேவைக்கும் விருப்பத்தின் பேரில் தரம் வழங்கலாம். அந்தத் தரம் ஊழியரின் பயிற்சியையும் பணி நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆய்வு முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும். இணைய மதிப்புரைகளை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எங்கே உடனே ஆய்வுக்குப் போக வேண்டும் என்று காட்டும் முறையீடுகளாக அவற்றைப் பயன்படுத்தலாம். மதுபான உரிமத்தை நட்சத்திரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எளிதானதும் அவசரமானதும் ஒன்று உண்டு. ஆய்வறிக்கையை, குறைகள் உட்பட, வரவேற்பறைச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஓர் அரசாணை போதும். சுற்றுலாத் துறையும் உள்ளாட்சிகளும் இதைக் கோயில் நகரங்களில் முதலில் தொடங்கலாம். அதுவரை, அறை எடுக்கும் ஒவ்வொருவரும் சாவியை வாங்கும் முன் பதிவுச் சான்றையும் அவசர வழியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் காட்டுபவர்களும் கூடுவார்கள்.